சேலம் 1692: வகுப்பறையில் ஒரு சூனிய விசாரணை

அமெரிக்கப் பள்ளிகளில் வரலாற்று வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. ஆசிரியர் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுப்பார். "உங்கள்ல சிலர் சூனியக்காரர்கள், மத்தவங்க சாதாரண ஊர்மக்கள். சூனியக்காரர் ஒருத்தர்கூட இல்லாம, முடிஞ்ச அளவு பெரிய குழுவாச் சேரணும்" என்பார். அஞ்சு நிமிஷத்துல வகுப்பு துண்டு துண்டாகிவிடும். அதிகம் பேசுகிறவன் மேல் சந்தேகம், பேசாமல் நிற்கிறவள் மேலும் சந்தேகம். கடைசியில் சீட்டைப் பிரித்தால் எல்லாவற்றிலும் 'ஊர்மக்கள்' என்றே இருக்கும். சூனியக்காரர் சீட்டே கிடையாது!

1692-இல் மாசசூசெட்ஸ் பகுதியில் சேலம் என்ற ஊரைச் சுற்றி நடந்ததைப் புரியவைக்கத்தான் இந்த விளையாட்டு. (நம்ம சேலம் இல்லைங்க, பேர் மட்டும்தான் ஒண்ணு.) பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டில் 9 வயது பெட்டிக்கும் 11 வயது அபிகெய்லுக்கும் வலிப்பு மாதிரி ஏதோ வந்தது. சூனியம் என்று முடிவு கட்டினார்கள். முதலில் மாட்டியவர்கள் மூன்று பெண்கள்: அந்த வீட்டின் அடிமை டிட்யூபா, பிச்சை எடுத்துப் பிழைத்த சாரா குட், நோயாளியான சாரா ஆஸ்போர்ன். அந்த வருஷம் முடிவதற்குள் 150 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். 19 பேர் தூக்கில் போடப்பட்டார்கள். வாதாட மறுத்த கைல்ஸ் கோரி என்ற கிழவரை மார்பில் கல் ஏற்றியே கொன்றார்கள். பலர் நினைப்பது போல அங்கே யாரையும் எரிக்கவில்லை.

சில வகுப்புகளில் இதையே நீதிமன்ற நாடகமாகவும் நடத்துவார்கள். நீதிபதி, ஜூரி, குற்றம் சாட்டும் சிறுமிகள், குற்றவாளிக் கூண்டு எல்லாம் உண்டு. "இவளோட ஆவி ராத்திரி வந்து என்னைக் கிள்ளுச்சு" என்று ஒரு மாணவி சொல்கிறாள். "நான் வீட்டுலதான் தூங்கிட்டு இருந்தேன்" என்கிறாள் கூண்டில் நிற்பவள். "உடம்பு வீட்டுல இருந்திருக்கும், வந்தது உன் ஆவிதானே?" இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சேலத்தில் இந்த ஆவிச் சாட்சியத்தை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அந்த இடத்தில் தப்பிக்கவே வழியில்லை என்பதைப் பாடப் புத்தகம் விளக்குவதைவிட இந்த நாடகம் நன்றாகப் புரியவைக்கும்.

ஜூரி எப்படி வளைந்தது என்பதும் புரியும். 71 வயது ரெபெக்கா நர்ஸ் ஊரே மதித்த மூதாட்டி. ஜூரி முதலில் 'குற்றமில்லை' என்றுதான் சொன்னது. உடனே சிறுமிகள் அலறினார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் ஜூரியை மறுபடி யோசிக்கச் சொன்னார். அவரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. காது மந்தமான ரெபெக்கா பதில் சொல்லவில்லை. தீர்ப்பு மாறியது. ஜூலை 19 அன்று தூக்கு.

ஆனால் நாடகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சேலத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதில் உறுதியாக நின்றவர்கள் யாரும் தூக்கிலிடப்படவில்லை. மறுத்தவர்கள்தான் செத்தார்கள். இந்த விதி தெரிந்தவுடனே வகுப்பில் "ஆமா, நான் சூனியக்காரிதான், ஆளை விடுங்க" என்று ஒப்புக்கொண்டு, கூட யார் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பக்கத்து பெஞ்சைக் காட்டிவிடுவார்கள். அவர்களுக்கு அதனால் நஷ்டம் எதுவுமில்லை. அன்றைய பியூரிட்டன்களுக்கோ கடவுள் முன் பொய் சொல்வது ஆன்மாவையே இழப்பது. ரெபெக்காவின் தங்கை மேரி ஈஸ்டி சாவதற்கு முன் ஒரு மனு கொடுத்தார். தன் உயிரை அவர் கேட்கவில்லை. இனி குற்றமற்றவர் ரத்தம் சிந்தக்கூடாது என்றுதான் கேட்டார். சாரா குட்டின் மகள் டோரதிக்கு நான்கைந்து வயசுதான். அவளையும் விலங்கு மாட்டிச் சிறையில் வைத்தார்கள். அந்தப் பாத்திரத்தை எந்தக் குழந்தையிடம் கொடுத்து நடிக்கச் சொல்வது?

அதனால் நாடகம் முடிந்தபிறகுதான் பாடம் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. விசாரணைப் பதிவுகளில் நிறைய இன்றும் இருக்கின்றன. தான் நடித்த ஆள் நிஜத்தில் என்ன சொன்னாள், அவளுக்கு என்ன ஆச்சு என்று மாணவர் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் 'அந்தக் காலத்து முட்டாள்கள்' என்ற நினைப்போடு மணி அடித்ததும் கலைந்துவிடுவார்கள்.

காகிதத்தைப் படித்த ஒரு வகுப்பு என்ன செய்தது தெரியுமா? விசாரணை பரவிய ஊர்களில் ஆண்டோவரும் ஒன்று. அந்த ஊர் எலிசபெத் ஜான்சன் ஜூனியருக்கு அப்போது 22 வயது. பயந்து ஒப்புக்கொண்டார். 1693-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் நிறுத்தியதால் உயிர் பிழைத்தார். 1711-இல் பலருடைய தண்டனை ரத்தானபோது இவர் பெயர் பட்டியலில் இல்லை. அவரே மனு கொடுத்தும் பலனில்லை. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகளும் இல்லை. பின்னாளில் அவருக்காகக் கேட்க நேர்வாரிசு யாருமில்லை.

நார்த் ஆண்டோவரின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் அந்த வழக்கைத் தோண்டி எடுத்தார்கள். சட்ட மசோதாவுக்கான வேலையில் இறங்கி, சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 2022 ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலம் எலிசபெத்தைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. தண்டனை விதித்து 329 வருஷம் கழித்து, பதின்மூன்று பதினாலு வயசுப் பிள்ளைகள் கேட்டதால்.