கறை எடுக்கும் கன்

மானாவாரி நிலம் கைவிட்ட வருஷங்களில் ஏரியூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருப்பூர்தான் கஞ்சி ஊற்றியது. பனியன் கம்பெனிகளில் கட்டிங், செக்கிங், பேக்கிங் என்று ஆளுக்கொரு வேலையில் ஒட்டிக்கொண்டோம். எனக்குக் கிடைத்தது கறை எடுக்கும் வேலை.

தைத்து முடித்த டி-சர்ட்டில் மெஷின் எண்ணெய் பட்டிருந்தால் ஏற்றுமதிக்குப் போகாது. துணியை மேசையில் விரித்து, கறைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, கறைநீக்கியைப் பீய்ச்சும் கன்னை அழுத்துவோம். கறை போய்விடும், ஒரு மாதிரி இனிப்பு வாசனை மட்டும் நிற்கும். சாயங்காலம் தலை கிறுகிறுக்கும். "பழகிடும் தம்பி" என்பார்கள் மூத்தவர்கள்.

வெகுகாலம் அந்தக் கன்களில் ஓடியது கார்பன் டெட்ராகுளோரைடு. மூச்சோடு உள்ளே போய்க் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2010 தொடக்கத்தோடு இந்தியா அதைக் கைவிட்டது. காரணம் ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கை. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இரண்டும் அவசியமானவை. ஆனால் வானத்துக்கும் ஆற்றுக்கும் கிடைத்த அக்கறை கன் பிடித்தவன் நெஞ்சுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. போபால் விஷவாயு விபத்துக்குப் பின், 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வேலையிடத்துக் காற்றில் எந்த நச்சு எவ்வளவு இருக்கலாம் என்று அட்டவணையே போட்டார்கள். எங்கள் மேசைக்கு அளக்கும் கருவியோடு யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

ஸ்பெயினில் அல்கோய் வட்டாரத்தில் 1992இல் நடந்ததை நம் ஊர் பிரிண்டிங்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். துணியில் பூசுவதற்கென்று செய்த அக்ரமின் என்ற சாயக் கலவையைக் கன்னில் ஊற்றி அடித்தார்கள். பூசும்போது துணியோடு நின்றது, அடித்தபோது பனிபோலப் பறந்து நுரையீரலின் அடிவரை போயிற்று. ஆறு பேர் இறந்தார்கள். ஒரே பட்டறை ஆட்கள் அடுத்தடுத்து மூச்சுத் திணறி வந்ததால்தான் மருத்துவர்களுக்குப் பொறி தட்டியது. ஆர்டிஸ்டில் என்ற அந்தப் பட்டறையின் பெயரே நோய்க்கும் பெயராகிவிட்டது.

நம் பக்கத்தில் இருமலோடு ஊர் திரும்புகிறவர்களைப் பீடி உண்டா, டிபி இருக்கிறதா என்றுதான் விசாரிக்கிறோம். விசாரிக்கட்டும். கூடவே என்ன வேலை பார்த்தான், கன்னில் எதை ஊற்றினான் என்பதை ஆஸ்பத்திரியில் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். இப்போது கிளம்பும் பையன்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: முகத்தில் கட்டும் துணி கன்னிலிருந்து வரும் ஆவியைத் தடுக்காது. கரி அடைத்த ஃபில்டர் மாஸ்க்கும், மேசையிலேயே ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபேனும் கேளுங்கள்.