குளவிக்குக் குளவி

1920, 30களில் நியூசிலாந்தில் ரேடியாட்டா பைன் காடுகள் மளமளவென்று எழுந்தன. கலிபோர்னியாவிலிருந்து போன மரம் அது. நெருக்கமாக நட்டார்கள்; வளர வளர இடைமரங்களை வெட்டி நெருக்கத்தைக் குறைக்காமல் விட்டார்கள். 1946இல் கடும் வறட்சி வந்தது. 1951க்குள் சுமார் 1,20,000 ஹெக்டேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மரங்கள் பட்டுப்போயின.

வறட்சியில் தளர்ந்த மரங்களைக் கொன்றது சிரெக்ஸ் என்னும் மரக்குளவி. பிறந்த மண்ணான ஐரோப்பாவில் அதை யாரும் பெரிதாகச் சட்டை செய்ததில்லை. 1900 வாக்கில் நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்தது. பெண் குளவி மரத்தைத் துளைத்து, முட்டையோடு நச்சுக் கசிவையும் ஒரு பூஞ்சையையும் உள்ளே செலுத்தும். நச்சு மரத்தை நலிவாக்கும். பூஞ்சை கட்டையை உலர்த்திப் புழுவுக்கு இரையைப் பக்குவப்படுத்தும். எதிரி கட்டைக்குள் குடியிருப்பதால் மருந்து தெளித்தும் பயனில்லை.

பூச்சிக்கு அதன் சொந்த ஊரில் யார் எமன்? இந்தக் கேள்வியோடுதான் 1928க்கும் 1931க்கும் இடையே இங்கிலாந்திலிருந்து ரைசா என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்திருந்தார்கள். கரிய உடலில் வெள்ளைப் புள்ளிகள், பின்னால் உடல் நீளத்துக்கு ஓர் ஊசி. உணர்கொம்புகளால் பட்டையைத் தட்டித் தடவி நடக்கும். இடம் பிடிபட்டதும் வயிற்றைத் தூக்கி வளைத்து, மயிரிழை போன்ற அந்த ஊசியைக் கட்டைக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கும். உள்ளே இருக்கும் புழுவை மரத்துப்போகச் செய்து முட்டை வைக்கும். பொரித்து வரும் குஞ்சு அந்தப் புழுவையே தின்று வளரும்.

ரைசா நிலைத்துவிட்டது. ஆனால் அது வளர்ந்த புழுக்களைத்தான் தேடும். 1940களின் அழிவை அதனால் தடுக்க முடியவில்லை. ஆகவே 1950களின் தொடக்கத்தில் இபாலியா என்ற இன்னொரு ஒட்டுண்ணிக் குளவி வந்தது. சிரெக்ஸ் போட்டுவைத்த துளைக்குள்ளேயே ஊசியை விட்டு, முட்டையையோ இளம்புழுவையோ அது பிடித்துவிடும். அதற்கு வழிகாட்டுவது சிரெக்ஸ் தானே விதைத்த பூஞ்சையின் வாடை!

1952இல் டாஸ்மேனியாவிலும் 1961இல் விக்டோரியாவிலும் சிரெக்ஸ் தென்பட, ஆஸ்திரேலியர்களும் ஐரோப்பா முதல் ஜப்பான் வரையும் வட அமெரிக்காவிலும் ஒட்டுண்ணிகளைத் தேடிப் புறப்பட்டார்கள். வட அமெரிக்காவின் மெகரைசா என்ற ஒட்டுண்ணிக் குளவி இப்படித்தான் குடியேறியது. இதற்கிடையே 1962இல் நியூசிலாந்தில், சிரெக்ஸின் முட்டைகளை மலடாக்கும் நூற்புழு ஒன்று கண்ணில் பட்டது. பின்னாளில் கட்டுப்பாட்டுப் பணியின் பெரும்பங்கு அதன் தலையில் விழுந்தது.

அதற்காகக் காட்டைக் கவனிக்காமல் விட முடியாது. 1987 முதல் 1989 வரை, தென் ஆஸ்திரேலியா–விக்டோரியா எல்லையில் நெருக்கம் குறைக்காத தோட்டங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் செத்தன. அதன் பிறகு இடைமரம் வெட்டுவதும், சில மரங்களை வேண்டுமென்றே நலிவாக்கிச் சிரெக்ஸுக்குப் பொறியாக வைப்பதும் கட்டாய வேலைகளாயின.

1980இல் உருகுவேயிலும் 1988இல் பிரேசிலிலும் சிரெக்ஸ் தலைகாட்டியது. பிரேசில் நூற்புழுவை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. இபாலியாவோ, யாரும் அழைக்காமலேயே தன் இரையின் பின்னால் அங்கே வந்து சேர்ந்திருந்தது.