நடவாதன கூறும் வரலாறு

ஆங்கிலேயருக்குப் பதில் ஹிட்லரின் படைகள் நம் நாட்டை ஆண்டிருப்பின், காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் என்னவாகியிருக்கும்? இவ்வினாவை 1988-இல் சிறுகதையாக்கியவர் ஹாரி டர்ட்டில்டோவ் என்னும் அமெரிக்கர்.

1949-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த அவர், இளமையில் ஸ்ப்ரேக் டி கேம்ப்பின் நாவலொன்றைப் படித்தார். அதில் இக்காலத்து மனிதன் ஒருவன் ஆறாம் நூற்றாண்டு ரோமாபுரியில் போய் விழுகிறான். கதையில் மெய் எவ்வளவு என்று அறியப் புகுந்தவர், 1977-இல் பைசாந்திய வரலாற்றில் டாக்டர் பட்டமே பெற்றுவிட்டார்! தியோஃபனிஸின் கிரேக்க வரலாற்றேட்டில் ஒரு பகுதியை ஆங்கிலமாக்கி 1982-இல் வெளியிட்டார். (மொழிபெயர்ப்பே பிழைப்பான நமக்கு இதனால் அவர்பால் தனிப்பற்று.) 1991 வரை கல்வி அலுவலகமொன்றில் ஊதியம் பெற்றுக்கொண்டே கதைகள் எழுதினார்.

விஞ்ஞானப் புனைகதை அன்பர்கள் ஆண்டுதோறும் கூடும் உலக மாநாடு, 1994-இல் வின்னிபெக் நகரில் அவருக்கு ஹியூகோ பரிசளித்தது; 2000-இல் சிகாகோ மாநாட்டிற்கு அவரே விழா நெறியாளரானார்.

நாம் கூறவந்த கதைக்கு வருவோம். போரில் வென்ற ஜெர்மானியர் டில்லியில் ஆள்கின்றனர். அறவழியில் திரண்ட மக்களைத் தளபதி மோடல் தயங்காது சுடுவிக்கிறான், அடிகளும் மாள்கிறார். பகைவனுக்கு மனச்சான்று இல்லையேல் அறப்போர் தோற்கும் என்பது ஆசிரியர் கட்சி. 1938-இல் 'ஹரிஜன்' இதழில் ஜெர்மானிய யூதருக்கு அடிகள் அஹிம்சையைப் பரிந்துரைத்தபோது, யூத அறிஞர் மார்ட்டின் பூபர் மறுத்தெழுதியதும் ஏறத்தாழ இதுவே. இதனை எளிதில் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. ஆயினும் நார்வேயில் 1942-இல், நாஜிச் சார்பு ஆசிரியர் சங்கத்தில் சேர மறுத்து 1,000-க்கு மேற்பட்ட ஆசிரியர் சிறைப்பட்டனர். பலர் வடகோடிக் கடுங்குளிருக்கு அனுப்பப்பட்டனர். சங்கத்தைத் திணிக்கும் முயற்சி கைவிடப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன் அவர்கள் ஊர் திரும்பினர்.