மணல் போன திசை

கோல்ஃப் மைதானத்தின் முதல் சிற்பி காற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கரையில் மணல்மேடுகளுக்கு நடுவே குறும்புல் படர்ந்த தாழ்வுகள் ஃபேர்வே ஆயின. காற்றும் ஒண்டிக் கிடந்த ஆடுகளும் பறித்த பள்ளங்கள் பங்கர் ஆயின என்பார்கள். பின்வந்தவர்கள் பள்ளத்தை இடமறிந்து வைக்கக் கற்றனர். குறுக்குவழியில் துணிந்து அடிப்பவன் தவறினால் குழியில் விழுவான். சுற்றிப் போகிறவனுக்கு ஓரடி கூடும். இந்தத் தேர்வுதான் ஆட்டத்தின் ருசி.

கல்கத்தாவில் காற்று உதவவில்லை. 1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கிளப்பின் இன்றைய மைதானம் தாழ்ந்த வண்டல் நிலம். குளம் வெட்டி, அந்த மண்ணால் ஃபேர்வேயை உயர்த்தினார்கள். குளமே பந்துக்குத் தடையுமாயிற்று. சென்னையில் ஜிம்கானா கிளப்பின் மைதானம் கிண்டி குதிரைப்பந்தயத் திடலுக்குள் இருந்தது. 2024 செப்டம்பரில் அரசு அந்நிலத்தைக் கையகப்படுத்திய பின் அங்கும் குளங்கள் வெட்டப்பட்டன, வெள்ளநீருக்காக.

செயின்ட் ஆண்ட்ரூஸை ஒத்த மணற்கரை நம்மிடம் இருந்தது வடக்கேதான்: ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணைகள் நீண்டன. மணல் இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகர்வது. அணை மறித்ததும் தெற்கே குவிந்து மெரினா அகன்றது. வடக்கே வரவு நின்று கடல் கரையைத் தின்றது. பங்கர் வைப்பவன் பந்துக்கு மாற்றுவழி விட்டுவைப்பான்; துறைமுகப் பொறியாளர்கள் மணலுக்கு விடவில்லை. மீனவர் தெருக்கள் பல போயின. இப்போது அங்கே கட்டுமரம் இழுத்து வைக்கவும் மணல் போதாது, கருங்கல் கொட்டியிருக்கிறார்கள்.