கஞ்சாவைக் காட்டுக்குள்ள அனுப்பினது எது?

கஞ்சாத் தோட்டம் காட்டை அழிக்குது என்று சொல்லுறவை, அது காட்டுக்குள்ள எப்படிப் போனது என்று கேட்கிறதில்லை.

வட கலிபோர்னியாவின் ஹம்போல்ட், மென்டசீனோ மலைகளில் 1970களில் நகரத்தை விட்டு வந்த இளைஞர்கள் மரக்கறியோட கஞ்சாவும் நட்டார்கள். 1983 இல் அரசு ஹெலிகொப்டர்களில் வந்து செடிகளைப் பிடுங்கத் தொடங்கியது. அதுக்குப் பிறகு பயிர் மின்விளக்குக்குக் கீழயும் பொதுக் காடுகளுக்குள்ளயும் ஒளிஞ்சது. ஒளிச்சுச் செய்யிற இடத்தில தண்ணிக்கும் நஞ்சுக்கும் கணக்குக் கேட்க ஆளில்லை. கோடையில் ஓடைகளை மறித்ததால் சல்மன் மீன்கள் தவித்தன. எலிக்கு வைத்த நஞ்சு, ஃபிஷர் என்ற கீரி போன்ற விலங்கின் உடம்பில் இருந்ததை 2012 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

2016 இல் மக்கள் வாக்களித்துத் தடையை நீக்கினார்கள். தண்ணிக்கும் பூச்சிகொல்லிக்கும் விதிகள் வந்தன. ஆனால் முதல் 5 வருடம் பெரிய பண்ணைகளுக்கு இடமில்லை என்ற வாக்குறுதியில் 2017 லேயே ஓட்டை விழுந்தது: சின்ன அனுமதிப்பத்திரங்களை ஒருவரே எத்தனையும் எடுக்கலாம். செலவு தாங்காமல் சின்னத் தோட்டக்காரர் பலர் கைவிட்டார்கள்.

தடை நீங்கினால் மட்டும் காணாது. மழைத்தண்ணியைத் தொட்டியில் சேர்த்து, வெயிலில், நஞ்சில்லாமல் பயிரிடுகிற சின்ன விவசாயிக்குத்தான் முதல் அனுமதி. இலங்கையில் ஏற்றுமதிக் கஞ்சா பற்றிய பேச்சு வரும்போது நாங்களும் கேட்கவேண்டியது இதைத்தான்: அனுமதி யாருக்கு, தண்ணி எங்கேயிருந்து?