படக்கட்டமும் திரைக்காட்சியும்



சேரங்கோட்டில் மழைக்காலம் வந்துவிட்டால் பகலிலும் வகுப்பறை இருண்டு கிடக்கும். ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், அத்தகைய ஒரு நாளில், தேயிலைத் தோட்டத்து மாணவன் ஒருவன் பாடநூலுக்குள் சித்திரக்கதைப் புத்தகமொன்றை மறைத்துப் படித்துக்கொண்டிருந்தான். அதைப் பறித்து மேசைக்குள் பூட்டினேன். “படம் மட்டும் பார்த்துட்டுத் தர்றேன், சார்” என்று கெஞ்சினான். “படத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று கடிந்தேன். அந்த வினாவுக்குரிய விடையைப் பின்னாளில்தான் கற்றேன். அதனையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

சித்திரக்கதையும் திரைப்படமும் உடன்பிறந்தவை போன்றவை. அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 1905-இல் நாளிதழில் ‘லிட்டில் நெமோ’ என்னும் சித்திரத் தொடரைத் தொடங்கினார். காட்சிக்கு ஏற்பக் கட்டங்களை நெடியனவாகவும் அகன்றனவாகவும் அவர் அமைத்தார். அதே கை 1911-இல் அப்பாத்திரங்களைத் திரையில் அசையச் செய்தது. 1914-இல் ‘கெர்ட்டி’ என்னும் டைனோசாரை நடமாட வைத்தது. பின்னர் வால்ட் டிஸ்னியின் கூடத்தில், கதையைச் சிறு சிறு சித்திரங்களாக வரைந்து பலகையில் வரிசையாகக் குத்தி வைக்கும் முறை உருவாயிற்று. 1933-இல் வெளிவந்த ‘மூன்று பன்றிக்குட்டிகள்’ அம்முறையில் உருவானதே.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த சான்று சத்தியஜித் ராய். சாந்திநிகேதனில் ஓவியம் பயின்ற அவர், 1943-இல் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையும் பணி அவரை நாடி வந்தது. அப்படங்கள் பலவும் பின்னர் திரைக்காட்சிகளாயின. அந்நாவலைப் படமாக்க முனைந்தபோது, வழக்கமான திரைக்கதை ஏட்டிற்குப் பதிலாக, காட்சிகளை மையால் தீட்டிய ஒரு குறிப்பேட்டை ஏந்திக்கொண்டு தயாரிப்பாளர்களின் வாயில்களில் அவர் ஏறி இறங்கினார். எவரும் இசையவில்லை. 1952-இல் தம் சொந்த முயற்சியில் படப்பிடிப்பைத் தொடங்கினார். இறுதியில் மேற்கு வங்க அரசு பொருளுதவி செய்தது. 1955-இல் வெளிவந்த படம், மறு ஆண்டே கான் விழாவில் சிறப்பிக்கப்பட்டது.

அப்படத்தில் ரயில் வரும் காட்சியை நோக்குங்கள். உயர்ந்த வெண்ணிற நாணற்பூக்களிடையே இரு குழந்தைகள் சிறு உருவங்களாகத் தோன்றுகின்றனர். தொலைவில் கரும்புகை எழுகிறது. அடுத்துக் கண்முன்னே சக்கரங்கள் விரைகின்றன. அவற்றின் இடைவெளியில் சிறுவன் தெரிகிறான். வெண்மைக்கு எதிரே கருமை, தொலைவுக்கு அடுத்து அண்மை, சிறுமைக்கு அருகே பெருமை: இவையே சித்திரக்கதை ஓவியர் தம் கட்டத்துக்குள் கையாளும் உத்திகள்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஓவியர் கட்டத்தின் வடிவத்தை மாற்றலாம். திரையின் சட்டமோ பெரும்பாலும் மாறாதது. ஆகவே, கட்டத்தின் வடிவத்தால் ஓவியர் பெறும் பயனை, இயக்குநர் காமிராவின் தொலைவாலும் கோணத்தாலும் பெற வேண்டும். மேலும், சித்திரக்கதையில் ஒரு கட்டத்தில் எவ்வளவு நேரம் தங்குவது என்பதை வாசகன் தீர்மானிக்கிறான். திரையில் அது இயக்குநரின் பொறுப்பு.

மாணவர்களே! காமிரா இல்லையே என்று வருந்தாதீர்கள். ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள். உங்கள் தாய் கொழுந்து பறித்து வீடு திரும்புவதை வரையுங்கள். முதலில் மலைச்சரிவில் ஒரு புள்ளியாக. பின்னர் பாதையில் முழு உருவமாக. அடுத்து முதுகில் சுமை தாங்கிய தோளாக. இறுதியில் வாயிற்படியில் அவர் முகமாக. எதனை விடுத்தீர்கள், எதனை அருகில் காட்டினீர்கள் என்று சிந்தியுங்கள். திரைக்கலையின் அரிச்சுவடி அதுவே.

அப்புத்தகத்தை ஆண்டிறுதியில் திருப்பித் தர எண்ணியிருந்தேன். அதற்குள் அம்மாணவனின் குடும்பம் வேறு தோட்டத்திற்குப் பெயர்ந்துவிட்டது. புத்தகம் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. படத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பதை அவன் அன்றே அறிந்திருந்தான். ஆசிரியனாகிய நான்தான் அறியாதிருந்தேன்.