ஒரே நவம்பர் முதல் தேதி

பிரெஞ்சுக்காரர்கள் எப்போது போனார்கள் என்று கேட்டால் புதுவைக்காரர்கள் இரண்டு தேதி சொல்வார்கள்: 1954 நவம்பர் 1, 1962 ஆகஸ்ட் 16. "எங்களுக்கு 47-ல் ஒரே தேதிதானே சார்" என்று மீஞ்சூர் நண்பர்கள் சிரிக்கிறார்கள். நடுவில் போன எட்டு வருடத்துக்குக் காரணம் பாண்டிச்சேரியில் இல்லை, அல்ஜீரியாவில் இருந்தது.

1954 மே மாதம் வியட்நாமில் தியென் பியென் பூ விழுந்தது. அடுத்த மாதம் பிரதமரான மெந்தேஸ் பிரான்ஸ், ஜூலையில் ஜெனீவாவில் இந்தோசீனப் போரை முடித்தார். கையோடு கையாக நேரு அரசுடனும் பேசி முடித்தார். அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியா பக்கம். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. அதே நாள் விடியற்காலையில்தான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. இங்கே கைகுலுக்கல், அங்கே துப்பாக்கி.

1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் பாரிஸ் நாடாளுமன்றம் ஒப்புதல் தரவில்லை. பாண்டிச்சேரியைச் சட்டப்படி விட்டால் அல்ஜீரியாக்காரனும் அதையே காட்டிக் கேட்பான் என்ற பயம். கோப்பை மேஜையில் வைத்துக்கொண்டே நாளைக் கடத்துகிறவர்களை ஆபீசில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தேசமே அப்படிச் செய்தது! 1962 மார்ச்சில் எவியான் உடன்பாடு, ஜூலையில் அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம். அதே ஜூலையில் நம் கோப்பும் நகர்ந்தது.

அதன் பிறகு ஆறு மாதத் தவணை. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்; கொடுக்காதவர்கள் இந்தியர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த 'சொல்தா'க்கள் பலர் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு தேசம், தம்பி ஒரு தேசம் என்றானதும் உண்டு. எட்டு வருடம் யோசிக்க நேரம் கிடைத்தும், அந்த ஆறு மாதம்தான் பலருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

பிரான்ஸுக்கோ பாரம் இறங்கியது. காலனிப் போர் தோளில் இருந்தவரை ஐ.நா. சபையில் பதில் சொல்லியே ஓய்ந்த நாடு அது. 1964-ல் அமெரிக்கா முகம் சுளிக்கச் சுளிக்கச் செஞ்சீனாவை அங்கீகரித்தது. 1966-ல் நேட்டோவின் கூட்டுப் படைத் தலைமையிலிருந்து விலகியது. சாம்ராஜ்யம் போன பிறகுதான் தெ கோலின் பேச்சுக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காது கிடைத்தது. இதைப் பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன், கணக்குத் தெரிந்த வேலை.

அந்தக் கணக்கை எங்கள் ஊரிலேயே பார்க்கலாம். கொடி இறங்கிய மறு வருடமே, 1955-ல், பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் திறந்துவிட்டார்கள். முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. ஒப்பந்தத்தில் அப்போது கையெழுத்துக்கூட ஆகவில்லை. நம் சைவ ஆகமச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் இன்றும் அங்கேதான் இருக்கின்றன.